படிக்கும் பொழுதும் உழைக்கும் பொழுதும்

நுழையும்முன்

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவர் பலர், படிப்பதோடு பொருள் ஈட்டவும் வேண்டியவராக இருக்கின்றனர். வீட்டின் தேவை ஒருபுறம். பாடத்தின் தேவை மறுபுறம். இரண்டுக்கும் இருப்பதோ ஒரே பொழுது. அப்பொழுதை எவ்வாறு பங்கிடுவது, அதில் மாணவரின் பொறுப்பு எவ்வளவு, கல்லூரியின் பொறுப்பு எவ்வளவு என்பன குறித்து ஆசிரியர் ஒருவர் தம் கருத்தை இக்கட்டுரையில் முன்வைக்கிறார்.

‘உழைத்துக்கொண்டே படித்தவர்’ என்று ஒருவரை மேடையில் அறிமுகம் செய்யும்போது அவையில் கைத்தட்டல் எழுகிறது. அக்கைத்தட்டல் தகுதியானதே. ஆயினும், அவ்வாறே படிக்கத் தொடங்கி மூன்றாம் பருவத்திலோ நான்காம் பருவத்திலோ கல்லூரியை விட்டு நின்றுவிட்டவர்கள் எந்த மேடையிலும் ஏற்றப்படுவதில்லை. அவர்களைப் பற்றிய பேச்சும் எழுவதில்லை. வென்றவரை மட்டும் கணக்கில் கொண்டு ‘முயன்றால் எவராலும் இயலும்’ என்று கூறிவிடுவது எளிது. முயன்றும் இயலாமற்போனவர்க்கு எது தடையாயிற்று என்று கேட்பதே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் கேள்வி.

ஒன்றை முதலிலேயே தெளிவாகக் கூறிவிடுகிறேன். மாணவர் வேலை செய்வது இழிவன்று. அதை எவரிடமும் மறைக்க வேண்டியதும் இல்லை. அதே வேளையில், படிக்கும் வயதினர் வேலை செய்தாக வேண்டிய நிலையைப் பெருமையாக மட்டும் பேசி முடித்துவிடுவதும் முறையன்று. எத்தனை மணி நேரம், எந்தப் பொழுதில், எவ்விடத்தில் என்ற மூன்றையும் பொறுத்தே வேலையானது படிப்புக்குத் துணையாகவோ பகையாகவோ அமைகிறது என்பது என் கருத்து.

வேலைக்குச் செல்லும் மாணவர்

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் இரண்டு சுழற்சிகளாக நடைபெறுகின்றன. முதற்சுழற்சி நண்பகலைத் தாண்டியதும் முடிந்துவிடும். இரண்டாம் சுழற்சி அதன்பின் தொடங்கி மாலைவரை நீளும். ஒரே கட்டடத்தில் கூடுதலான மாணவர் படிப்பதற்கு வகைசெய்த இந்த ஏற்பாடு, ஏழை மாணவர்க்கு மற்றொரு வழியையும் திறந்துவிட்டது. காலையில் படித்துப் பிற்பகலில் வேலைக்குச் செல்லலாம். அல்லது விடியலில் வேலை முடித்துப் பிற்பகலில் வகுப்புக்கு வரலாம்.

அவர்கள் செல்லும் இடங்களை நீங்கள் நாள்தோறும் கடந்துசெல்கிறீர்கள். மருந்துக்கடையில் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துத் தருபவர், ஜெராக்ஸ் கடையில் தாள் அடுக்குபவர், பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்து நிற்பவர், தீபாவளிக்கு முந்திய மாதத்தில் துணிக்கடை மாடிப்படிகளில் ஏறி இறங்குபவர், முதுகில் பெட்டியைச் சுமந்து உணவு கொண்டுசெல்பவர் எனப் பலரும் ஏதேனும் ஒரு கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள்.

இவற்றுள் நம் மாணவர் பெரிதும் நாடுவது திருமண மண்டபத்தில் பரிமாறும் வேலையாகும். கேட்டரிங் வேலை என்று அவர்கள் அதைக் கூறுவர். முன்பணம் வேண்டியதில்லை, சான்றிதழ் வேண்டியதில்லை, கூலி அன்றே கைக்கு வந்துவிடும். முகூர்த்தத்துக்கு முந்திய நாள் மாலை நான்கு மணிக்கு வேனில் ஏற வேண்டும். வரவேற்பு விருந்தின் பந்திகள் முடிந்து, இலை எடுத்து, மேசை துடைத்து, பாத்திரங்களை ஒதுக்கி வைக்கும்போது நள்ளிரவு ஆகிவிடும். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு விரிப்பில் படுத்து நான்கு மணிக்கு எழுந்தால், சிற்றுண்டிப் பந்திக்கு இலை போட வேண்டும். அதன்பின் முகூர்த்தச் சாப்பாடு. கடைசிப் பந்திக்குப் பின் தாமும் உண்டு, கூலியைப் பெற்றுக்கொண்டு புறப்படும்போது பிற்பகல் மூன்று மணி.

மறுநாள் திங்கட்கிழமை. முதற்பாடவேளையில் அம்மாணவனின் கண்கள் தாமாகவே மூடுகின்றன. இரவெல்லாம் கைப்பேசியில் மூழ்கியிருந்தான் என்று வகுப்பில் உள்ளோர் எண்ணிக்கொள்வர். அவனும் மறுப்பதில்லை. இலை எடுத்த கதையைச் சொல்வதைக் காட்டிலும் அப்பழியை ஏற்பது அவனுக்கு எளிதாக இருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் இடையிலான சிக்கலில் பாதி, இந்த மறைப்பிலிருந்தே பிறக்கிறது என்று கருதுகிறேன்.

கலாமின் மூன்று நாள்கள்

வேலையையும் படிப்பையும் பற்றிப் பேசத் தொடங்கினால், நம்மவர் உடனே ஆ.ப.ஜெ. அப்துல் கலாமைச் சான்று காட்டுவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் தொடர்வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து நாளிதழ்க் கட்டுகள் வீசப்பட்டன. அவற்றை எடுத்து வழங்கிவந்த உறவினர் சம்சுதீனுக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. அவ்வுதவிக்குக் கிடைத்ததே சிறுவர் கலாமின் முதல் ஊதியம். இக்கதையை நீங்கள் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள்.

அதே வாழ்க்கையின் மற்றொரு பகுதியை நாம் அவ்வளவாக எடுத்துக்கூறுவதில்லை. சென்னை எம்.ஐ.டி.யில் அவருக்கு இடம் கிடைத்தபோது, சேர்வதற்கு வேண்டிய பணம் வீட்டில் இல்லை. தமக்கை ஜொஹரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அப்பணத்தைத் திரட்டித் தந்தார். அங்குப் படிக்கையில் வானூர்தி ஒன்றை வடிவமைக்கும் பணி கலாமுக்கும் உடன்பயின்ற சிலர்க்கும் தரப்பட்டது. வேலை போதிய அளவு முன்னேறவில்லை என்று கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளுக்குள் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று கூறிவிட்டார். கலாம் இரவு உணவையும் விட்டு வரைபலகையின் முன்னேயே இருந்து, குறித்த கெடுவுக்குள் வரைபடங்களை முடித்தார். பேராசிரியர் பாராட்டினார்.

இந்நிகழ்ச்சியை விடாமுயற்சிக்குச் சான்றாகக் கூறுவது வழக்கம். எனக்கு அதில் வேறொன்றும் புலப்படுகிறது. அந்த மூன்று நாள்களும் மூன்று இரவுகளும் அவர் கைவசம் இருந்தன. தமக்கையின் நகையும் கல்லூரியின் உதவித்தொகையும் அவருக்கு வாங்கித் தந்தது கட்டணச் சீட்டை மட்டுமன்று, அப்பொழுதையும்தான். அவ்வார இறுதியில் அவர் எங்கேனும் பரிமாறச் செல்ல வேண்டியிருந்தால், அதே அறிவும் அதே விடாமுயற்சியும் இருந்தும் வரைபடம் முடிந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். சிறுவயதில் அவர் செய்த நாளிதழ் வேலையோ, பள்ளி மணி அடிக்கும் முன்னே முடிந்துவிடும் காலைவேலை. கலாமைச் சான்று காட்டி ‘நீயும் உழைத்துப் படி’ என்று கூறுவோர், இவ்விரண்டையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

வாரத்தின் கணக்கு

பொழுது போதவில்லை என்பதைப் பொதுவாகக் கூறாமல் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். உறக்கத்துக்கு நாளொன்றுக்கு 8 எனில் 56 போய்விடும். வகுப்பும் செய்முறையும் 30. ஊரிலிருந்து பேருந்தில் சென்று திரும்பச் சராசரியாக 10. குளித்தல், உண்ணுதல், துணி துவைத்தல் முதலியவற்றுக்கு 18. ஆய்வகக் குறிப்பேடு எழுதுதல், ஒப்படைப்பு, தாமே அமர்ந்து படித்தல் ஆகியவற்றுக்கு நாள்தோறும் 4 வீதம் ஆறு நாளைக்கு 24. ஆக 138. எஞ்சுவன 30 மணி நேரம்.

அந்த 30 மணி நேரத்துக்குள்தான் வேலை, விளையாட்டு, நண்பர், உறவினர் வீட்டு நல்லது கெட்டது, காய்ச்சல், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருத்தல் எல்லாம் அடங்க வேண்டும். இவற்றுக்குப் பாதியை ஒதுக்கினால் வேலைக்குக் கிடைப்பது 15 மணி நேரம்.

இப்போது மண்டப வேலையைப் பாருங்கள். மாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் பிற்பகல் மூன்று மணிவரை 23 மணி நேரம். இடையில் உறங்கிய நான்கைக் கழித்தால் 19. ஒரே முகூர்த்தம் வார அளவைத் தாண்டிவிடுகிறது. நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிமுதல் இரவு ஒன்பதரை மணிவரை கடையில் நிற்பவர்க்கு ஆறு நாளில் 39 மணி நேரம் ஆகிறது. எஞ்சிய 30 மணி நேரம் முழுவதையும் கொடுத்துவிட்டாலும் இன்னும் 9 குறைகிறது. அந்த 9 மணி நேரத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? முதலில் தாமே படிக்கும் நேரத்திலிருந்து, பிறகு உறக்கத்திலிருந்து, இறுதியில் வகுப்பிலிருந்து. இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் செய்தி கல்லூரி அலுவலகத்தை எட்டுகிறது. அதற்குள் ஒரு பருவம் முடிந்திருக்கும்.

பிற நாடுகளில் படிக்கச் செல்லும் நம் மாணவர்க்கு இவ்வரம்பு சட்டமாகவே உள்ளது. அமெரிக்காவில் மாணவர் நுழைவுரிமையில் படிப்போர், கல்விப் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை கல்லூரி வளாகத்துக்குள் வேலை செய்யலாம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் என்று 2024ஆம் ஆண்டு முதல் வரையறுத்துள்ளனர். இவ்வரம்புகள் மாணவர் நலனை மட்டும் எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல. தம் நாட்டுத் தொழிலாளர்க்குப் போட்டி மிகுந்துவிடலாகாது என்ற எண்ணமும் அவற்றில் உண்டு. எனினும், படிக்க வந்தவர் படிப்பவராகவே இருத்தல் வேண்டும் என்ற எல்லைக்கோடு அங்கே வரையப்பட்டிருக்கிறது. நம்மூரில் அக்கோட்டை மாணவரே தமக்குத்தாமே வரைந்துகொள்ள வேண்டியுள்ளது.

அமெரிக்கக் கல்லூரி மாணவரை நெடுங்காலம் ஆராய்ந்த அலெக்சாண்டர் ஆஸ்டின் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், வளாகத்துக்குள் பகுதிநேர வேலை செய்தோர் படிப்பைத் தொடர்ந்து முடிப்பதில் பின்தங்கவில்லை, முன்னேறியே இருந்தனர் என்றும், வெளியே முழுநேர வேலை பார்த்தோர்க்கே படிப்பு நலிந்தது என்றும் எடுத்துக்காட்டினார். உழைப்பு அன்று, உழைக்கும் இடமும் அளவுமே வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

சாத்தாராவின் ஆலமரம்

‘வளாகத்துக்குள் வேலை’ என்பது மேலைநாட்டார் கண்டுபிடித்தது என்று எண்ணிவிட வேண்டா. மகாராட்டிர மாநிலத்தின் சாத்தாரா மாவட்டத்தில் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் 1919ஆம் ஆண்டு இரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். இரயத் என்றால் உழவர், குடிமக்கள் என்று பொருள். 1924ஆம் ஆண்டு சாத்தாரா நகரில் மாணவர் விடுதி ஒன்றை அமைத்தார். எல்லாச் சாதியைச் சார்ந்த சிறுவரும் அவ்விடுதியில் ஒன்றாகத் தங்கினர், ஒன்றாகச் சமைத்தனர், ஒரே பந்தியில் உண்டனர். அக்காலத்தில் இது எளிய செயலன்று. காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு அவ்விடுதிக்கு வருகை தந்தார். விடுதிப் பிள்ளைகளின் உணவுக்குப் பொருள் இல்லாத நாளில், பாவுராவின் மனைவி இலட்சுமிபாய் தம் தாலியையும் விற்றுக் கொடுத்தார் என்பதை அம்மாநில மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர்.

பாவுராவ் கண்ட வழி, ஈட்டிக்கொண்டே கற்றல் என்பதாகும். மாணவர் நிலத்தில் உழைத்தனர். விளைந்ததைக் கொண்டு படித்தனர். 1947ஆம் ஆண்டு சாத்தாராவில் நிறுவிய சிவாஜி கல்லூரியிலும் இம்முறை தொடர்ந்தது. ஆலமரம் அந்நிறுவனத்தின் சின்னமாயிற்று. புணே பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் நடத்தும் ‘ஈட்டிக் கற்றல்’ திட்டத்துக்கு இன்றும் பாவுராவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. நூலகம், ஆய்வகம், அலுவலகம், தோட்டம் முதலிய இடங்களில் மாணவர் சில மணி நேரம் பணியாற்றி ஊதியம் பெறுகின்றனர்.

இம்முறையின் சிறப்பு ஊதியத்தில் இல்லை. அது சிறிய தொகையே. வேலை வாங்குபவர்க்கும் பாடம் நடத்துபவர்க்கும் ஒரே கால அட்டவணை என்பதே அதன் சிறப்பு. நாளை செய்முறைத் தேர்வு என்றால் நூலகர்க்கு அது தெரியும். திருமண மண்டப ஒப்பந்தக்காரர்க்கு அது தெரியாது; தெரிந்தாலும் முகூர்த்தத்தை அவரால் தள்ளிவைக்க முடியாது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1855ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது பெரியா கல்லூரி. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்பவர் இதனை நிறுவினார். கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் அங்குச் சேர்ந்து பயின்றனர். 1904ஆம் ஆண்டு அம்மாநிலம் இயற்றிய சட்டம் அதனைத் தடுத்தது. பின்னர் அத்தடை நீங்கியது. இக்கல்லூரி மாணவரிடம் பயிற்றுக் கட்டணம் பெறுவதில்லை. அதற்கு மாறாக, ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வளாகத்தில் வேலை செய்தல் வேண்டும்.

குப்பை கூட்டிய மாணவர்

1927ஆம் ஆண்டு டெக்சாசு மாநிலத்தின் சான் மார்க்கோஸ் என்னும் ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் லிண்டன் ஜான்சன் என்ற இளைஞர் சேர்ந்தார். கையில் பணமில்லை. கல்லூரி அவருக்கு வளாகத்தில் குப்பை பொறுக்கிக் கட்டடங்களைப் பெருக்கும் வேலையைக் கொடுத்தது. பின்னர்க் கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் உதவியாளராக உயர்ந்தார். அப்போதும் பணம் போதவில்லை. ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு, கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக வழிவந்த ஏழைக் குழந்தைகளுக்கு ஆசிரியராகப் பணியாற்றிவிட்டுத் திரும்பிவந்து, 1930ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

அவரே பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். அவர் காலத்தில், 1964ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் மாணவர்க்கான பணிக்கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர்க்குக் கல்லூரி வேலை தரும். ஊதியத்தின் பெரும்பகுதியை நடுவணரசு ஏற்கும். அத்திட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தாம் குப்பை கூட்டிப் படித்தமையால் பிறரும் அவ்வாறே தட்டுத்தடுமாறி வரட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். நம்மிடையே துன்பப்பட்டு மேலே வந்தவர் சிலர், தாம் பட்ட துன்பத்தை அடுத்தவர்க்கு அளவுகோலாக நீட்டும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

எண்ணப்படாத வேலை

வேலை செய்துகொண்டே படிக்கும் மாணவர் எத்தனை பேர் என்று ஒரு வகுப்பில் கேட்டால், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே கையுயர்த்துவர். மாணவியர் கையுயர்த்துவதில்லை. விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் பாத்திரம் துலக்கி, பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அது வேலை என்றே தோன்றுவதில்லை. நாம் மேலே போட்ட கணக்கில் அவளுக்கு எஞ்சிய 30 மணி நேரம் முன்னரே தீர்ந்துவிட்டது. அவள் அதற்குமேல் பீடி சுற்றியோ தையல் தைத்தோ வீட்டுக்குப் பொருளும் ஈட்டினால், எடுப்பதற்கு உறக்கத்தைத் தவிர வேறு ஏதுமில்லை.

அரசுப்பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குப் ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் வழியாகவும், மாணவர்க்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தின் வழியாகவும் மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு முறையே 2022, 2024ஆம் ஆண்டுகளில் தொடங்கியது. பேருந்துச் செலவுக்கும் நூல்களுக்கும் பெற்றோரிடம் கையேந்தாதிருக்க இது உதவுகிறது. வீட்டுக்கடனை இத்தொகை அடைத்துவிடாது. ஆயினும் மாதத்தில் ஒரு முகூர்த்தமேனும் குறைந்தால் 19 மணி நேரம் மீள்கிறது என்பதை நினைவில் கொள்க. உதவித்தொகையைப் பணமாக மட்டும் பார்ப்போர் அதன் பாதிப்பயனையே பார்க்கின்றனர்.

மறுப்புகள் சில

மாணவரைப் பணியில் அமர்த்தினால், நிலையான பணியாளரை நியமிக்காமல் கல்லூரிகள் தப்பித்துக்கொள்ளும் என்று சிலர் அஞ்சுகின்றனர். இது வெற்று அச்சமன்று. ஒரு நூலகர் செய்ய வேண்டியதை நான்கு மாணவரைக் கொண்டு முடித்துவிடலாம் என்று கணக்கிடும் நிருவாகங்கள் உண்டு. எனவே மாணவர் பணி, நிலையான பணிக்குத் துணையாக இருக்கலாம். அதற்கு மாற்றாக இருத்தல் கூடாது. மாதந்தோறும் ஊதியம் அவர்தம் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். சேவை, பயிற்சி, அனுபவம் என்ற பெயர்களில் ஊதியமின்றி வேலை வாங்குவதை நான் ஏற்பதில்லை.

மற்றொரு மறுப்பு இதனினும் கூரியது. உடன்பயில்வோர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில், ஒருவன் மட்டும் அவர்கள் விட்டுச்சென்ற நூல்களை அடுக்கிக்கொண்டிருந்தால் அவன் மனம் நோகாதா? நோகும். வளாக வேலை ‘ஏழைப் பிள்ளைகளின் வேலை’ என்று முத்திரை குத்தப்பட்டால், கூச்சம் மிகுந்த பிள்ளைகள் முகம் தெரியாத மண்டபத்துக்கே திரும்பிச் செல்வர். சாத்தாரா விடுதியில் எல்லாரும் சமைத்தனர். பெரியாவில் எல்லாரும் வேலை செய்கின்றனர். அதனால் அங்கு வேலை எவரையும் பிரித்துக் காட்டவில்லை. இங்கும், விரும்பும் மாணவர் எவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் தேவை மிகுந்தோர்க்கு முன்னுரிமை என்று வைத்தால் அம்முத்திரை பெருமளவு அழியும். தெரிவுப் பட்டியலில் வருமானத்தை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கத்தையும் கைவிடுதல் நன்று.

உங்களுக்குச் சில சொற்கள்

நீங்கள் இப்போது பதினாறு, பதினேழு வயதினர். 1986ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டு அதற்கு வந்த திருத்தமும், பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைத் தீங்கு விளைவிக்கும் தொழில்களில் அமர்த்துவதைத் தடைசெய்கின்றன. பட்டாசு ஆலை என்றாலும் சுரங்கம் என்றாலும், கூலி எவ்வளவு மிகுதியாகக் கூறப்பட்டாலும், மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னும் ஈராண்டில் உங்களுள் பலர் கல்லூரியில் இருப்பீர்கள். வேலை தேட நேர்ந்தால் கூலியை முதலில் கேளாதீர்கள்; எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை முதலில் கேளுங்கள். இரவு பத்து மணிக்குமேல் நீளும் வேலையைக் கூடியவரை தவிர்த்தல் நலம். கூலி சற்றுக் குறைந்தாலும் வீட்டுக்கோ கல்லூரிக்கோ அருகில் உள்ள வேலையே மேல். பயணத்தில் போகும் மணிக்கு எவரும் ஊதியம் தருவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது போன்ற வேலை கிடைத்தால், அது உங்கள் பாடத்தையும் உறுதிப்படுத்தும். பருவத் தேர்வு நடக்கும் மாதத்தில் விடுப்பு உண்டா என்பதைச் சேரும்போதே பேசி முடித்துவிடுங்கள். தேர்வுக்கு முந்திய நாள் கேட்டால் எந்த முதலாளியும் முகம் சுளிப்பார்.

வேலை செய்வதை வகுப்பாசிரியரிடம் தெரிவித்துவிடுங்கள். ஒப்படைப்புக்கு இரண்டு நாள் கூடுதலாகத் தருவதும், செய்முறைத் தொகுதியைக் காலைக்கு மாற்றித் தருவதும் ஆசிரியர் கையில் உள்ளவை. தெரியாதபோது அவரால் எதையும் செய்ய இயலாது. பெற்றோரிடமும் ஒருமுறை இந்த 168 மணி நேரக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். படிக்காத பெற்றோர்க்கும் இக்கணக்கு விளங்கும். நாள்கூலிக்குச் செல்வோர், மணியின் மதிப்பை நம்மைவிட நன்கறிந்தவர்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இரண்டாயிரம் மாணவர் பயிலும் வளாகத்தில் எத்தனை பணிகள் காத்துக்கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நூல்களுக்கு எண்ணிட்டு அடுக்குதல், பழைய இதழ்களை மின்வடிவில் பதிதல், கணினிக்கூடத்தைக் கவனித்தல், விடுதிச் சமையற்கட்டின் கொள்முதல் கணக்கு எழுதுதல், மூலிகைத் தோட்டம் பேணுதல், தமிழ்வழியில் பயின்று வந்த முதலாண்டு மாணவர்க்கு ஆங்கிலப் பாடத்தை விளக்குதல், பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்க்குப் பாடநூலை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருதல் என அவை நீளும். இவற்றுள் கடைசி இரண்டும் பல கல்லூரிகளில் இன்று எவராலும் செய்யப்படாமலே கிடக்கின்றன.

கல்லூரியில் சேரும் நாளன்று கட்டண விவரத்தோடு, வளாகத்தில் மாணவர்க்கு ஊதியப் பணி உண்டா என்பதையும் அலுவலகத்தில் கேளுங்கள். நூலகம் இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் கேட்டு வாருங்கள். வேலை முடித்து ஏழு மணிக்கு வருபவர் உட்கார்ந்து படிப்பதற்கு, விளக்கெரியும் ஓர் அறையும் வேண்டுமல்லவா?